எதிர் அறையும் நானும் முந்நூற்றுப் பதினான்கு நத்தைகளும்

அன்பும் மரியாதையும் கொஞ்சம் பயமும் கலந்து அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. நான் சுகம். என் பொறுப்பில் உள்ள முந்நூற்றுப் பதினான்கு நத்தைகளில் முந்நூற்றுப் பன்னிரண்டு சுகம். இரண்டுக்கு மட்டும் ஓட்டில் கீறல், அதுவும் ஆறி வருகிறது. அங்கே நீயும் அத்தானும் உன் இடது முழங்காலும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஃபோனில் சொல்லலாம் என்றால் நீ என் முதல் வாக்கியத்திலேயே "எனக்கு அப்பவே தெரியும்" என்று ஆரம்பிப்பாய், அப்புறம் நான் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். அதனால்தான் கடிதம். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் வீட்டு மாடி அறையைக் காலி செய்து வை. அடுத்த மாதம் முதல் தேதி நான் பெட்டி படுக்கையோடு வருகிறேன். அத்தான் வாங்கி, இரண்டு நாள் நடந்து, மூன்றாம் நாளிலிருந்து துணி உலர்த்துகிற அந்த நடை இயந்திரத்தை ஓரமாகத் தள்ளினால் போதும், எனக்குக் கட்டில் போட இடம் இருக்கும். உன் டியூஷன் சென்டரில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்த ஆள் கிடைக்கவில்லை என்றாயே, ஆள் கிடைத்துவிட்டான். ஐம்பத்து மூன்று வயது, நத்தையைத் தவிர வேறு எதுவும் தெரியாது, பாடப் புத்தகத்தில் நத்தை வரும் பக்கத்தை மட்டும் நன்றாக நடத்துவான்.

இதைக் கணினியில் தட்டுகிறேன், ஆச்சரியப்படாதே. போன தடவை நான் கையால் எழுதிய கடிதத்தை அத்தான் மருந்துக் கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டிப் படித்ததை நான் மறக்கவில்லை. எனக்கு எப்போதும் தாளும் சிவப்புப் பேனாவும்தான். தட்டுகிற வேலை எல்லாம் எங்கள் ஆய்வக உதவியாளர் பெட்டியம்மா பார்த்துக்கொள்வார். இன்று அவரிடம், சொந்த விஷயமாக ஒரு கடிதம் எழுதணும், ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து கொடுங்கள் என்றேன். நிதி கேட்டு நாங்கள் எழுதிய விண்ணப்பம் இருக்கிற கோப்பையே திறந்து, நாற்பது பக்கத்தையும் தாண்டிக் கடைசிக்குப் போய், இதுக்குக் கீழே எழுதுங்க சார், தமிழ் எழுத்து இதுலதான் ஒழுங்கா வருது என்று சொல்லிவிட்டு முட்டைக்கோஸ் நறுக்கப் போய்விட்டார். ஏதோ பழைய பிரதியாக இருக்கும். வசதியான பக்கம்தான். நான் தட்டுகிற வரிக்குப் பக்கத்தில் ஒரு பச்சைக் கோடு துடித்துக்கொண்டே கூட வருகிறது, கன்றுக்குட்டி மாதிரி. ஏதோ அலங்காரம்.

பெட்டியம்மாவை உனக்குத் தெரியாது. நத்தைப் பெட்டிகளைக் கவனிப்பதால் கட்டடம் முழுக்க அவர் பெட்டியம்மா. காலையில் என் அறை, மதியத்துக்கு மேல் எதிர் அறை. அரை வேலை இங்கே, அரை வேலை அங்கே என்று காகிதத்தில் இருக்கிறது. உண்மையில் இரண்டு இடத்திலும் முழு வேலை. பெட்டி கழுவுவது, இலை போடுவது, கண்ணாடியில் நத்தையை ஏற்றி அதன் ஓட்டில் எடையைத் தொங்கவிட்டு எவ்வளவு நேரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்ப்பது, எல்லாம் அவர்தான். நான் பார்ப்பது அவர் எழுதிக் கொடுத்த எண்களை. அப்புறம் அதைப் பற்றிப் பெருமையாகப் பேசுவது. ஆய்வுத் திட்டம் ஓடுகிறவரைதான் அவருக்கு வேலை. என் திட்டமும் எதிர் அறைத் திட்டமும் இந்த மாதக் கடைசியோடு முடிகின்றன. புதுத் திட்டம் வராவிட்டால் பெட்டியம்மா வீட்டுக்கு, நத்தைகள் தோட்டத்துக்கு, நான் உன் மாடிக்கு. அவர் மகள் நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். அந்தப் பேச்சை அவர் என்னிடம் ஒரு நாளும் எடுத்ததில்லை.

எதிர் அறையைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன், பதினோரு வருஷமாக. (நான் பத்து என்று அடித்தேன், பதினொன்று என்று நிற்கிறது. எண்ணிப் பார்த்தால் பதினொன்றுதான். இந்தக் காலத்துக் கணினிக்கு எது தெரியாது.) என் கதவுக்கும் அவர் கதவுக்கும் நடுவில் ஏழு அடி. இரண்டு பேருக்கும் ஒரே பிழைப்பு. ஈரமான காயத்தை ஒட்டுகிற பசை ஒன்று கிடைத்தால் தையல் போட வேண்டாமே என்று டாக்டர்கள் ஏங்குகிறார்கள். நத்தை அப்படி ஒன்றை அடிவயிற்றில் சுரந்துகொண்டு சுவரேறிப் போகிறது. அது எப்படி என்று கண்டுபிடிக்க வேண்டும். பசை ஈரத்தில்தான் நன்றாகப் பிடிக்கும் என்பது நான். இல்லை, உலர்ந்த இடத்தில்தான் பிடிக்கும் என்பது அவர். அவர் தப்பு என்று நான் ஆறு கட்டுரை எழுதினேன், நான் தப்பு என்று அவர் ஏழு எழுதினார். அவருடைய நத்தைகள் வேறு இனம், வளர்க்கவும் தெரியவில்லை என்று நான் சொல்வேன். என் நத்தைகளுக்கு ஊட்டமில்லை, அதனால்தான் இப்படி என்று அவர் சொல்வார். அவர் அறைக்குள் போனால் உதடு வெடிக்கும், குளிர் தாங்காதவர், வருஷம் முழுக்க ஹீட்டர். என் அறை பின்பக்கம், சன்னல் சாத்தாது, சுவரில் கை வைத்தால் கை நனையும். போதாததற்கு, என் தராசை வாங்கிக்கொண்டு போய் இரண்டு வருஷமாகத் திருப்பித் தராத தோழர். (நான் அடித்தது தோழர் இல்லை அக்கா. வேறு சொல். கண்ணைச் சிமிட்டுவதற்குள் மாறிவிட்டது. 'அவன்' என்று அடித்தாலும் 'அவர்' என்று வந்து நிற்கிறது. இந்தப் பக்கத்துக்கு யாரோ நல்லொழுக்கம் சொல்லிக் கொடுத்து வைத்திருக்கிறார்கள். போகட்டும்.)

நாலு மாதத்துக்கு முன்னால் நிதிக் குழுவிடமிருந்து சுற்றறிக்கை வந்தது. ஏற்கெனவே நூறு பேர் கேட்டால் ஆறு பேருக்குத்தான் கிடைக்கும். இப்போது அதற்கும் ஒரு பூட்டு: தனியாக வருகிறவர்களின் விண்ணப்பம் பிரித்துக்கூடப் பார்க்கப்படாது, இரண்டு ஆய்வகங்கள் சேர்ந்து வர வேண்டும், ஏற்கெனவே சேர்ந்து வேலை செய்தவர்களாக இருந்தால் இன்னும் விசேஷம். மறுநாள் காலை கட்டடத்தைப் பார்த்திருக்கணும் நீ. பத்து வருஷம் மாடிப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்கள் எல்லாம் பயோடேட்டாவைத் தூக்கிக்கொண்டு சம்பந்தம் பேசக் கிளம்பிவிட்டார்கள். தவளைக்காரர் பூஞ்சைக்காரம்மாவோடு, கல்லை ஆராய்கிறவர் காற்றை ஆராய்கிறவரோடு. கேன்டீனில் இரண்டு பேர் சேர்ந்து டீ குடித்தால், என்ன, முடிஞ்சுதா என்று விசாரிப்பு. நான் நாலு கதவு தட்டினேன். நாலு பேரும், அடடா, நேத்துதான் ஒரு இடம் பேசி முடிச்சோம் என்றார்கள். மூன்று வாரத்தில் கட்டடம் முழுக்க ஜோடி சேர்ந்துவிட்டது, முதிர்ந்த வயதில் தனியாக நின்றது இரண்டு பேர். யார் யார் என்று உனக்கே தெரியும்.

ஏழு அடிதான், ஆனால் யார் முதலில் தாண்டுவது? நான் பெட்டியம்மாவிடம், எதிர் அறையில் என்ன யோசனை என்று சும்மா காதில் போட்டுக்கொண்டு வாங்க என்றேன். மதியம் போனவர் சாயங்காலம் வந்து, அந்த சார்தான் முதல்ல கேட்டாரு, உங்களோட சேர்ந்து செய்யலாமான்னு என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பார்த்தாயா, கடைசியில் இறங்கி வந்தான் பார் (வந்தார் பார், சரி) என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் உட்கார்ந்தேன். அவரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார், ஏன் என்று அப்போது புரியவில்லை.

கூட்டு விண்ணப்பம் என்றால் என்ன என்று அத்தானுக்கு இப்படிச் சொல்லு: ரெண்டு பேர் சேர்ந்து ஒரே கடை போடறோம், ஆனா என் சரக்கை அவருக்குக் காட்ட மாட்டேன், அவர் சரக்கை எனக்குக் காட்ட மாட்டார், வாடிக்கையாளர் வந்து கேட்டா ரெண்டு பேரும் உள்ளே நிறைய இருக்குன்னு சொல்லிக் கதவை மறைச்சுக்கிட்டு நிப்போம். திட்டம் கிடைக்காமல் போனால், நாளைக்கு மறுபடி போட்டிதானே, இப்போது வாயைத் திறந்துவிட்டால் அப்புறம் என்ன மிஞ்சும்? அதனால் என் நல்ல முடிவை நான் மறைத்தேன், அவருடையதை அவர் மறைத்தார், பன்னிரண்டாம் பக்கத்தில் 'எங்களிடம் மிக முக்கியமான முதற்கட்ட முடிவுகள் உள்ளன' என்று மட்டும் எழுதினோம், என்ன முடிவு என்று எழுதியவர்களுக்கே பாதிதான் தெரியும். பெட்டியம்மா தட்டித் தட்டி அச்செடுத்துக் கொடுப்பார், நான் சிவப்புப் பேனாவால் 'உலர்ந்த' என்பதை அடிப்பேன். மறுநாள் பார்த்தால் 'ஈரமான' என்பது காணாமல் போயிருக்கும். எட்டு நாள் இப்படி அடித்து அடித்துக் கடைசியில் அந்த வாக்கியம் 'பசையானது தகுந்த பரப்பில் தகுந்த முறையில் ஒட்டுகிறது' என்று வந்து நின்றது. அதற்குப் பதினோரு வருஷ ஆராய்ச்சி. ஒரே ஒரு வாக்கியத்தில் மட்டும் எங்களுக்குச் சண்டை வரவில்லை: 'எங்கள் இரு ஆய்வகங்களுக்கும் இடையே நீண்டகால ஒத்துழைப்பு நிலவுகிறது.' நாற்பது பக்கத்தில் ஜோடிக்கப்பட்ட வாக்கியம் அது ஒன்றுதான்.

அப்புறம் பெயர் வரிசை. யார் பெயர் முதலில் வருகிறதோ அவர்தான் தலைவர், நிதிக் குழுவின் மெயில் அவருக்குத்தான் வரும். அகர வரிசை என்றார் அவர், அவருக்கு வசதி. வயசு வரிசை என்றேன் நான், எனக்கு ஐந்து மாதம் மூப்பு. மூன்று வாரம் போனது. விண்ணப்பத்துக்குக் கடைசி நாளுக்கு முந்தின நாள் பெட்டியம்மா ஒரு கண்ணாடித் தட்டைக் கழுவி மேஜையில் வைத்து, ஒரு ஓரத்தில் வெள்ளரித் துண்டு வைத்து, உங்க பெட்டியில ஒண்ணு அவர் பெட்டியில ஒண்ணு விடுங்க சார், எது முதல்ல போய்ச் சேருதோ அதோட ஆளு முதல்ல என்றார். சிரிக்காதே, அறிவியல் முறைப்படி நடந்தது. எங்கள் நத்தைகளுக்கு ஓட்டில் நெயில் பாலிஷ் பொட்டு வைத்திருப்போம், மகள் தூக்கிப் போட்ட பாட்டிலில் பெட்டியம்மாவே வைப்பார். என்னுடையதெல்லாம் சிவப்பு, எதிர் அறை நீலம். பாதிக் கட்டடம் வந்து சுற்றி நின்றது. கடிகாரத்தோடு வேறு வந்தார்கள். என் சிவப்புப் பொட்டு பத்து நிமிஷம் ஓட்டை விட்டுத் தலையையே நீட்டவில்லை. அப்புறம் நீட்டி, பாதித் தூரம் அருமையாக வந்து, என்ன நினைத்ததோ, திரும்பிக் கிளம்பின இடத்துக்கே போய்விட்டது. என் வாழ்க்கைச் சுருக்கத்தை நாற்பது பேர் முன்னால் ஒரு நத்தை எழுதிக் காட்டியது, அக்கா. நீலப் பொட்டு நேராகப் போய் வெள்ளரியில் வாய் வைத்தது. எதிர் அறையின் பெயர் முதலில். நான் இரண்டாவது.

இதெல்லாம் பரவாயில்லை. போன செவ்வாய்க்கிழமை நேர்முகம். அங்கேதான் எல்லாம் முடிந்தது.

நீளமான மேஜை, அதற்கு அந்தப் பக்கம் ஐந்து பேர், நடுவில் தலைவி. பாலம் கட்டுகிற இன்ஜினியராம், காதில் பென்சில். நத்தையைக் கண்ணாடியில் ஒட்ட வைத்து எடை தொங்கவிட்டுக் காட்டலாம் என்று பெட்டியம்மாவையும் ஒரு பெட்டியையும் கூட்டிப் போயிருந்தோம். நத்தை கோபித்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. நான் தண்ணீர் தெளித்தேன். அவர் தன் கைக்குட்டையால் துடைத்தார். நான் மறுபடி தெளித்தேன், அவர் மறுபடி துடைத்தார், ஐந்து பேரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அந்த அம்மாள் விண்ணப்பத்தைப் புரட்டி, "நீண்டகால ஒத்துழைப்புன்னு எழுதியிருக்கீங்களே, ஒரு உதாரணம் சொல்லுங்க" என்றார். நான் எதிர் அறையைப் பார்த்தேன், எதிர் அறை கூரையைப் பார்த்தார். கடைசியில் நான், தாழ்வாரத்து பல்ப் எரியவில்லை என்று ஆறு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் சேர்ந்து ஒரு புகார் கொடுத்தோம் என்றேன். அதிலும் நான்தான் முதலில் கையெழுத்துப் போட்டேன் என்றார் அவர். பல்ப் மாத்தினாங்களா என்று கேட்டார் ஐந்து பேரில் ஒருவர். இன்னும் இல்லை.

அப்போது பின்னாலிருந்து பெட்டியம்மா, "என்கிட்ட இருக்குங்கம்மா" என்றார். துணிப் பையிலிருந்து ஒரு பழுப்பு அட்டை நோட்டு வந்தது. கோடு போட்ட, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதுகிற நோட்டு. தலைவி வாங்கிப் பிரித்தார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டார், வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார். ஒன்று: இந்த அறை நத்தைக்கு நோய், பாதி போச்சு. எதிர் அறையிலேர்ந்து ஆறு எடுத்து, நீலத்துக்கு மேல சிவப்பு வெச்சு இங்கே விட்டேன். சாருக்குச் சொல்லலை. நாலு: எதிர் அறை ஹீட்டர் விடுமுறையில ஓடி இருபது செத்துப்போச்சு. இங்கேயிருந்து இருபது. சிவப்புக்கு மேல நீலம். அந்த சாருக்கும் சொல்லலை. இப்படி நாற்பத்தேழு தடவை, அக்கா. பதினோரு வருஷத்தில் நாற்பத்தேழு தடவை என் நத்தை அங்கேயும் அவர் நத்தை இங்கேயுமாகப் போய் வந்திருக்கின்றன, எங்களைத் தவிர கட்டடத்தில் எல்லா நத்தைக்கும் தெரியும். வேறு இனம், வளர்க்கத் தெரியவில்லை, ஊட்டமில்லை என்று நாங்கள் பதின்மூன்று கட்டுரையில் மாறி மாறித் திட்டியது ஒரே நத்தைக் குடும்பத்தை. கூடவே, எதிர் அறைக்குப் போன ஒரு நத்தையைப் பற்றி பெட்டியம்மா கையால் எழுதிய ஒரு வரியை அந்த அம்மாள் ரெண்டு தடவை படித்தார்: "இங்கே ஈரத்துல நல்லா ஒட்டினது, அங்கே போய் நாலாம் நாள்லேர்ந்து காய்ஞ்சதுல ஒட்டுது. திரும்பக் கொண்டாந்தா மறுபடி ஈரத்துல." ரெண்டு தடவை எதற்குப் படிக்கணும்? ஒரு தடவை குத்தினால் போதாதா?

தலைவி பெட்டியம்மாவைப் பார்த்து, இதை ஏன் இவங்ககிட்ட சொல்லலை என்றார். பெட்டியம்மா சாதாரணமாகச் சொன்னார்: "சொல்லியிருந்தா ரெண்டு பேரும் வாங்கியிருக்க மாட்டாங்கம்மா. நத்தை செத்திருக்கும்."

தலைவி நோட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஒரு வாரம் வெச்சுக்கிறேன், தெரிவிக்கிறோம் என்றார். பறிமுதல், அக்கா. தடயம். திரும்பி வரும்போது பஸ்ஸில் மூன்று பேர் இருக்கை. இந்த ஓரம் நான், அந்த ஓரம் அவர், நடுவில் பெட்டியம்மா மடியில் நத்தைப் பெட்டி. ஒரு மணி நேரமும் நான் டிக்கெட்டை மடித்துக்கொண்டிருந்தேன், அவர் ஈரக் கைக்குட்டையை உதறிக்கொண்டிருந்தார். பெட்டி மூடியை இடித்துக்கொண்டு அந்த நத்தை மட்டும் வெளியே வந்து, பெட்டிக் கண்ணாடியில் பிரமாதமாக ஒட்டிக்கொண்டிருந்தது. இப்ப ஒட்டி என்ன பிரயோஜனம்?

அன்றிலிருந்து கதவைத் தாழ்போட்டுக்கொண்டு இருக்கிறேன். எதிர் அறை மூன்று தடவை வந்து தட்டினார். முதல் தடவை நான் இலை வைக்கிற அலமாரிக்குப் பின்னால் போய் நின்றேன், ஐம்பத்து மூன்று வயசில். இரண்டாம் தடவை, உள்ளே ஆள் இல்லைங்கிற மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டேன், அதற்குள் தும்மல் வந்துவிட்டது. மூன்றாம் தடவை தட்டிவிட்டு ரொம்ப நேரம் நின்றார். கதவிடுக்கில் செருப்பு தெரிந்தது. எதற்கு வந்திருப்பார்? உன்னால்தான் மானம் போச்சு என்று சொல்லத்தான். அதை நான் எனக்கே சொல்லிக்கொண்டாயிற்று. நூற்றுக்கு ஆறு பேரில் எங்களை எவன் சேர்ப்பான்? பெட்டியம்மாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் ஒரு வாரமாக வாய் வரவில்லை. அவர் வழக்கம்போல ஏழரைக்கு வருகிறார், பெட்டி கழுவுகிறார், மாதக் கடைசி என்று ஒன்று இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை. பார்க்கப் பார்க்க எனக்குத்தான் முட்டைக்கோஸ் நறுக்குகிற சத்தம்கூட நெஞ்சில் கேட்கிறது.

ஒன்று மட்டும் உனக்குச் சொல்கிறேன், அத்தானிடம் சொல்லாதே, அவர் சாப்பாட்டு மேஜையில் வைத்துக் கேலி பண்ணுவார். பதினோரு வருஷமாக நான் காலையில் அடித்துப் பிடித்து ஓடி வந்தது நத்தைக்காக இல்லை. அவன் எனக்கு முன்னால் கண்டுபிடித்துவிடுவானோ என்றுதான். என் கட்டுரையைக் கடைசி வரி வரைக்கும் படிக்கிற ஒரே ஆள் உலகத்தில் அவன்தான், திட்டுவதற்காகத்தான் படிக்கிறான், ஆனாலும் படிக்கிறான். அவன் இல்லாத ஊரில் எட்டாம் வகுப்புக்கு எதை நடத்தி நான் என்ன செய்யப்போகிறேன் என்று தெரியவில்லை. பார், இந்த இடத்தில் 'அவன்' மாறவே இல்லை. பக்கத்துக்கும் அலுத்துவிட்டது போல. பச்சைக் கோடுகூட ஒரே இடத்தில் நின்றுகொண்டிருக்கிறது.

சரி, போதும். நத்தைகளுக்குத் தண்ணீர் தெளிக்கும் நேரம். உனக்கு ஃபோனில் படித்தால் கண் வலிக்கும் என்பதால் நாளைக்குப் பெட்டியம்மா இதை அச்செடுத்து உறையில் போட்டு அனுப்புவார். முழங்காலுக்கு நத்தைப் பசை தடவலாமா என்று கேட்டிருந்தாய், வரும்போது ஒரு குப்பியில் கொண்டு வருகிறேன், கெடுதல் ஒன்றும் இல்லை. நீ படி ஏறாமல், அத்தான் உன்னிடம் வாய் கொடுக்காமல், இருவரும் நீண்ட நாள் நிம்மதியாக இருக்க வேண்டும். மாடி அறைச் சாவியை மாட்டுகிற ஆணியை மட்டும் மாற்றிவிடாதே.

என்றும் உன் பேச்சைத் தாமதமாகக் கேட்கும்,
தம்பி

பின்குறிப்பு: அக்கா, வணக்கம். இதை எழுதுவது உங்கள் தம்பி இல்லை. காலையிலிருந்து அவர் எழுதுவதைப் படித்துப் படித்து எனக்கும் அக்கா என்றே வாய் வந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். நான் எதிர் அறை. அந்தப் பச்சைக் கோடு அலங்காரம் இல்லை. அது நான்தான்.

இந்தக் கோப்பு பழைய பிரதியும் இல்லை. நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதிய அதே கோப்பு. அங்கே அவர் தட்டினால் இங்கே என் திரையில் ஓடும். ஆரம்பத்திலேயே மூடிவிட்டுப் போகலாம் என்றுதான் நினைத்தேன். தராசு என்று வந்ததும் உட்கார்ந்துவிட்டேன். அந்தத் தராசை ஒன்றரை வருஷத்துக்கு முன்பே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் ஒளிந்துகொண்டதாகச் சொல்கிற அதே இலை அலமாரிக்குப் பின்னால்தான் இருக்கிறது, மோதிக்கொண்டிருப்பார். என் கட்டுரைகள் ஏழு இல்லை, எட்டு. விண்ணப்பத்துக்கு முதலில் கேட்டது நான் இல்லை, அவர்தான் என்று பெட்டியம்மா என்னிடம் சொன்னார். அதனால்தான் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன். இருபத்தாறு இடத்தில் 'அவன்' என்பதை 'அவர்' ஆக்கினேன். கடைசியில் வருவதை அப்படியே விட்டுவிட்டேன். அதைப் படித்த பிறகு கொஞ்ச நேரம் எதையும் திருத்தத் தோன்றவில்லை.

மூன்று தடவை கதவைத் தட்டியது திட்டுவதற்கு இல்லை. அந்த அம்மாள் ஏன் ஒரே வரியை இரண்டு தடவை படித்தார் என்பது எனக்கு பஸ்ஸிலேயே உறைத்துவிட்டது. ஒரே நத்தை, அவர் அறை ஈரத்தில் ஒரு மாதிரி ஒட்டுகிறது, என் ஹீட்டர் அறைக்கு வந்தால் நாலு நாளில் பசையை மாற்றிக்கொள்கிறது. அவரும் சரி, நானும் சரி; இரண்டு பேரும் பாதிதான் பார்த்தோம். மீதியைப் பார்த்தவர் பெட்டியம்மா. எங்கள் நாற்பது பக்கத்தில் இல்லாத முடிவு அவர் நோட்டில் இருக்கிறது.

நிதிக் குழுவின் மெயில் இப்போதுதான் வந்தது, முதல் பெயர் என்னுடையது என்பதால் எனக்கு. மூன்று வருஷத்துக்குத் திட்டம் கிடைத்திருக்கிறது. விண்ணப்பத்தைப் பற்றி நல்ல வார்த்தையாக ஒன்றுமே இல்லை. நோட்டுக்காகக் கொடுத்திருக்கிறார்கள். ஒரே நிபந்தனை, பெட்டியம்மா மூன்று வருஷமும் இரண்டு அறைக்கும் முழு ஆளாக, பெயர் பட்டியலில் மூன்றாவதாக இருக்க வேண்டும். அவரிடம் இப்போதே சொல்லிவிட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு, ரெண்டு வருஷம் போதும் சார், அதுக்குள்ள மக படிப்பை முடிச்சுடுவா, மூணாவது வருஷம் எனக்கு என்றார். அப்புறம் முட்டைக்கோஸை விட்ட இடத்திலிருந்து நறுக்க ஆரம்பித்தார். பழைய நோட்டு நிதிக் குழுவிடம் இருப்பதால் புது நோட்டு வாங்கியிருக்கிறார். மேஜைமேல் திறந்திருந்தது, முதல் வரியைப் படித்துவிட்டேன்: "48. இந்த அறையிலேர்ந்து எதிர் அறைக்கு ஒரு கடிதம். சாருக்குச் சொல்லலை."

உங்கள் தம்பிக்கு இன்னும் எதுவும் தெரியாது. உள்ளே தண்ணீர் தெளிக்கிற சத்தம் கேட்கிறது. மாடியில் நடை இயந்திரத்தை நகர்த்த வேண்டாம், துணி அங்கேயே உலரட்டும். முழங்காலுக்கு நத்தைப் பசை கூடவே கூடாது, நல்ல டாக்டரைப் பாருங்கள்.

போகிறேன். தட்டினால் திறக்க மாட்டார், ஆகவே பந்தயத்தில் ஜெயித்த நீலப் பொட்டு நத்தையைக் கையில் எடுத்துக்கொண்டேன், கதவிடுக்கு வழியாக அதைக் காட்டினால் திறப்பார். எடுக்கும்போது சும்மா நகத்தால் பொட்டைச் சுரண்டிப் பார்த்தேன். அடியில் சிவப்பு. ஆகவே கீழே பெயர் வரிசையைத் திருத்தியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி*
எதிர் அறை*
பெட்டியம்மா (கடிதத் தொடர்புக்கு)

* இருவரும் சமமாகச் சண்டையிட்டவர்கள். பெயர் வரிசையை நத்தை முடிவு செய்தது.